எரிவாயு இல்லாத எரிவாயு மின்நிலையம்

2020 ஓகஸ்ட் 17 அன்று மத்தியானம் இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. காலியில் நின்ற அதே நேரத்தில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் மின்விசிறிகள் நின்றன. கொழும்புக்கு வடக்கே, வத்தளையைத் தாண்டி, முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் கெரவலப்பிட்டி என்ற இடத்து உபமின்நிலையத்தில், பராமரிப்பு வேலையின்போது நடந்த ஒரு தவறுதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். எங்களில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், கெரவலப்பிட்டியைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் வரும் முதல் கேள்வி "அது கொழும்பாற்ற பிரச்சினை, எங்களுக்கு என்ன?" என்பதுதான். மன்னார் காற்றாலை என்றால் எழுதலாம், சுன்னாகம் என்றால் எழுதலாம், சம்பூர் என்றால் கட்டாயம் எழுத வேண்டும்; கெரவலப்பிட்டி எதற்கு? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. நிலம் எங்கட நிலமாக இருந்தால் மட்டும் திட்டத்தைத் திறந்து பார்ப்பது, மற்ற நேரங்களில் மாதக் கடைசியில் வரும் பில்லைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பது. ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும் நாட்டில் இது சரிவராது. கெரவலப்பிட்டியில் என்ன எரிகிறது, அதற்கு யாருடன் என்ன எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள் என்பது சாவகச்சேரியில் ஒரு வீட்டில் எத்தனை மணிக்கு லைட் அணைக்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் எழுதுகிறோம்.

முதலில் பெயர். கெரவலப்பிட்டியில் இருக்கும் யுகதனவி மின்நிலையம் 300 மெகாவாற். அதன் முதல் கட்டம் 2008 இல் ஓடத் தொடங்கியது, 2010 இல் முழுமையடைந்தது. வெஸ்ற் கோஸ்ற் பவர் என்ற கம்பனிக்குச் சொந்தம், கட்டியது லக்தனவி. இது கூட்டுச் சுழற்சி வகை. அதாவது, எரிபொருளை எரித்து வரும் சூடான வாயு முதலில் ஒரு டர்பைனைச் சுற்றும். அது வெளியே தள்ளும் புகை அப்போதும் ஐந்நூறு பாகை செல்சியசுக்குக் கிட்ட இருக்கும். அந்தச் சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் இன்னொரு டர்பைனைச் சுற்றுவார்கள். ஒரே எரிபொருளில் இரண்டு தரம் வேலை வாங்குவது. நல்ல பொறியியல். இயற்கை எரிவாயுவுக்கு மாற்றக்கூடியது, அதற்காகவே பொருத்தமான இடத்தில் வைக்கப்பட்டது என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அது எரிப்பது எண்ணெய். உலை எண்ணெய். தொடங்கிய நாளிலிருந்து அதுதான்.

காஸ் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது 2021, 2022 இல் வரிசையில் வைத்த சிலிண்டர். அது வேறு. சிலிண்டரில் வருவது பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் எல்.பி. காஸ். மின்நிலையத்துக்கு வேண்டியது மீதேன், அதாவது இயற்கை வாயு. அதைக் கப்பலில் கொண்டுவர வேண்டுமென்றால் மைனஸ் 162 பாகை வரைக்கும் குளிராக்கித் திரவமாக்க வேண்டும். அப்போது அதன் கன அளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். இங்கே வந்ததும் திரும்ப வாயுவாக்க ஒரு முனையம் வேண்டும், அங்கிருந்து கரைக்குக் குழாய் வேண்டும். இதில் எதுவும் இலங்கையில் இல்லை. கப்பல் நிற்க இடமில்லை, முனையமில்லை, குழாயில்லை. மின்நிலையம் மட்டும் இருக்கிறது.

ஒரு மின்நிலையம் என்றால் கூடப் பரவாயில்லை. 2016 இல் கெரவலப்பிட்டியிலேயே இன்னொரு எரிவாயு மின்நிலையத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரினார்கள். போட்டியிட்டவர்களுக்கு இடையில் இழுபறி, மேன்முறையீடு, குழுக்களுக்கு மேல் குழுக்கள் என்று வருசங்கள் போய், 2021 இல்தான் கட்டத் தொடங்கினார்கள். அதுதான் 350 மெகாவாற் சொபாதனவி. 2024 ஓகஸ்டில் அதன் முதல் கட்டமான 220 மெகாவாற் தேசிய மின்வலையமைப்பில் சேர்ந்தபோது, இலங்கையின் முதலாவது எல்.என்.ஜி. மின்நிலையம் என்று பெருமையாக அறிவித்தார்கள். பத்திரிகைகளும் அப்படியே போட்டன. அது ஓடியது டீசலில். அடுத்ததாக சஹஸ்தனவி என்று இன்னொரு 350 மெகாவாற்றும் திட்டத்தில் இருக்கிறது. தவிடு இல்லாத வீட்டில் மாட்டுக்கு மேல் மாடாக வாங்கிக் கட்டுவதுபோலத்தான் இது.

இதைப் பகிடியாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. மின்நிலையத்தை முதலில் கட்டிவிட்டு எரிபொருளைப் பிறகு தேடும்போது, எரிபொருள் விற்பவன் முன்னால் நாம் எந்த நிலையில் நிற்கிறோம்? எங்கள் பணம் ஏற்கனவே சீமெந்திலும் இரும்பிலும் முடங்கிக் கிடக்கிறது. டீசல் ஒவ்வொரு நாளும் கையைக் கடிக்கிறது. வாறவன் என்ன நிபந்தனை சொன்னாலும் "டீசலைவிட மலிவுதானே" என்ற ஒரு வசனத்தால் அது நியாயமாகிவிடும். டீசலோடு ஒப்பிட்டால் உலகத்தில் எல்லாமே மலிவுதான்!

2021 இல் நடந்தது இதுதான். அந்த வருசம் பெப்ரவரியில் மிதக்கும் எரிவாயு முனையத்துக்குச் சர்வதேச விலைமனு கோரப்பட்டது. அந்தப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, போட்டிக்கு வெளியே நின்ற அமெரிக்க நிறுவனமான நியூ ஃபோர்ட்ரஸ் எனர்ஜியோடு பக்கத்து அறையில் பேச்சு நடந்தது. செப்டெம்பர் 17 இல் கையெழுத்து. திறைசேரியின் கையில் இருந்த, வெஸ்ற் கோஸ்ற் பவரின் 40 வீதப் பங்கு 250 மில்லியன் டொலருக்கு. அதோடு முனையமும், எரிவாயு வழங்கும் உரிமையும். நள்ளிரவில் கையெழுத்து வைத்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் சத்தம் போட்டன. எதிர்க்கட்சிகள் அப்படித்தான் என்று விடலாம். அமைச்சரவைக்குள்ளேயே இருந்த விமல் வீரவன்ச, உதய கம்மன்பில, வாசுதேவ நாணயக்கார மூன்று பேரும் இது அமைச்சரவையில் முறையாகப் பேசப்படவில்லை என்று வெளியே வந்து சொன்னார்கள். பாராளுமன்றத்தில் உடன்படிக்கையைக் காட்டுங்கள் என்றபோது இரகசியம் என்ற பதில் வந்தது. நாட்டின் சொத்தை விற்கும் பத்திரம், நாட்டுச் சனத்துக்கு இரகசியம்.

உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில் கர்தினாலின் மனுவும் இருந்தது, ஜே.வி.பி.யினரின் மனுவும் இருந்தது. 2022 இல் எல்லாம் தள்ளுபடியாகின. அதே மார்ச் மாதத் தொடக்கத்தில் வீரவன்சவும் கம்மன்பிலவும் அமைச்சுப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். இவர்களுடைய இனவாத அரசியலோடு எங்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அவர்கள் எதிர்த்தார்கள் என்பதற்காக அந்த உடன்படிக்கை நல்லதாகிவிடாது என்பதை மட்டும் சொல்கிறோம். தமிழ்ப் பக்கத்தில் பலர் அன்றைக்கு இதைச் "சிங்களக் கட்சிகளின் உட்சண்டை" என்று பார்த்துக் கடந்துபோனார்கள். அந்த உட்சண்டையில் கைமாறவிருந்த கம்பனியில் ஊழியர் சேமலாப நிதிக்கும் பங்கு இருக்கிறது. சேமலாப நிதி என்றால் யாருடைய காசு? கடையில் நிற்கும் பிள்ளையின் காசு, ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் அக்காவின் காசு, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டப்படும் காசு. மலையகத்தில் கம்பி தொங்கும் லயத்துக்குள் இருந்துகொண்டு கெரவலப்பிட்டியின் பங்குதாரராக இருப்பவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, காசு, பங்கு, கையெழுத்து எல்லாம் ஒருபக்கம். எங்களுக்கு உண்மையில் பயம் தருவது இன்னொன்று. எரிவாயு ஒப்பந்தங்களில் வழமையாக ஒரு நிபந்தனை இருக்கும்: எடுத்தாலும் காசு, எடுக்காவிட்டாலும் காசு. இத்தனை அளவு வாயு வாங்குவேன் என்று ஒப்புக்கொண்டால், தேவைப்படாத நாளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். கல்யாண மண்டபத்தில் இருநூறு இலைக்குச் சொல்லிவிட்டு எண்பது பேர் வந்தாலும் இருநூறுக்கும் கட்டுவதுபோல. யுகதனவி உடன்படிக்கையை எதிர்த்த பொறியியலாளர்களும் தொழிற்சங்கத்தினரும் முதலில் கைவைத்த இடமும் இதுதான்.

அந்த நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, ஆரம்பத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 35,000 மில்லியன் பிரித்தானிய வெப்ப அலகு அளவு வாயு கொண்டுவருவதாக இருந்தது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு கூட்டுச் சுழற்சி நிலையத்தில் ஒரு மெகாவாற் மணி மின்சாரம் எடுக்க ஏழரை மில்லியன் அலகுக்குக் கிட்ட வேண்டும். அப்படியென்றால் அந்த 35,000 ஐயும் எரித்து முடிக்க, கிட்டத்தட்ட 200 மெகாவாற்றை இரவு பகல் நிறுத்தாமல், ஞாயிற்றுக்கிழமை, தைப்பொங்கல், வெசாக் எதுவும் பார்க்காமல் ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் நீர்மின் நிலையங்கள் நிரம்பி வழியும் நாளிலும் ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டாலும், இந்த நிபந்தனை எழுதியிருந்தால், கட்ட வேண்டும்.

இப்போது எங்களோடு வாதாட வருபவர்களின் கட்சிக்கு வருவோம். அவர்கள் சும்மா ஆட்கள் இல்லை, பொறியியல் படித்தவர்கள், எங்களுக்குள்ளேயே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது இது: நிலக்கரியோடு பார்த்தால் எரிவாயு எரியும்போது வரும் காபனீரொட்சைட் ஏறத்தாழப் பாதி. சாம்பல் இல்லை, நுரைச்சோலைச் சனம் படும் பாடு இல்லை. அதைவிட முக்கியம், சூரியனும் காற்றும் நிலையில்லாதவை, அவற்றைத் தாங்கிப்பிடிக்க உடனே ஏற்றவும் இறக்கவும் கூடிய நிலையங்கள் வேண்டும், அதற்கு எரிவாயுதான் ஆகச் சரி.

இதில் உண்மை இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனதை எல்லோரும் குரங்குக் கதையாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்று அமைச்சரே சொன்னார், உலகம் சிரித்தது. குரங்கு பாய்ந்தது சரி. ஆனால் ஒரு குரங்கு பாய்ந்து ஒரு நாடு இருளும் அளவுக்கு வலையமைப்பு ஏன் பலவீனமாக இருந்தது என்பதுதான் விசயம். அன்றைக்கு விடுமுறை, தேவை குறைவு, வெயில் நல்ல வெயில், கூரைச் சூரியப் பலகைகளிலிருந்து மின்சாரம் கொட்டியது. அதிர்ச்சியைத் தாங்கக்கூடிய கனமான சுழலும் இயந்திரங்கள் போதிய அளவு ஓடவில்லை. அந்த வருசம் சித்திரைப் புத்தாண்டு நேரம் கூரையில் சூரியப் பலகை வைத்திருப்பவர்களை அதை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டதும் இதனால்தான்.

ஆகவே எரிவாயு நண்பர்களிடம் எங்கள் கேள்வி பொறியியலைப் பற்றியது இல்லை. நீங்கள் சொல்லும் எரிவாயு நிலையம் ஒரு காவல்காரன். சூரியன் இறங்கும் பின்னேரம் எழும்பும், காலையில் படுக்கும். வருசத்தில் பாதி நேரம் சும்மா இருக்க வேண்டியது. அவர்கள் கையெழுத்து வைக்கும் எரிவாயுவோ நாள் முழுக்க எரிய வேண்டியது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு என்ற நிபந்தனையில் வாயு வந்து இறங்கிய பிறகு, ஒரு வெயில் நாளில் மின்சார சபை எதை நிறுத்தும்? காசு கட்டி முடிந்த வாயுவையா, கூரையில் இருக்கும் சூரியப் பலகையையா? வவுனியாவில் கடன் எடுத்துக் கூரையில் பலகை போட்ட குடும்பத்தைத்தான் நிறுத்தச் சொல்லுவினம். சூரியனுக்குத் துணை என்று சொல்லி உள்ளே வந்தது, சூரியனை வெளியே தள்ளும். 2030 இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி என்று ஒரு கையால் கொள்கை எழுதிக்கொண்டு, மறுகையால் அதை நடக்கவிடாமல் பண்ணும் பத்திரத்தில் கையெழுத்து வைக்க இந்த நாட்டு அரசாங்கங்களுக்குக் கஷ்டமே இல்லை.

காபனைப் பற்றிய கணக்கிலும் ஒரு ஓட்டை. எரிந்த மீதேன் பாதிதான், சரி. எரியாமல் கசிந்த மீதேன்? இருபது வருசக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட எண்பது மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. கிணற்றில் கசிவு, குழாயில் கசிவு, கப்பலில் கசிவு. அந்தக் கசிவெல்லாம் வேறு நாட்டுக் கணக்கில் எழுதப்படும், எங்கட அறிக்கையில் புகைபோக்கி மட்டும் துப்புரவாகத் தெரியும்.

விலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆசியாவின் உடனடிச் சந்தையில் எல்.என்.ஜி. 2020 நடுப்பகுதியில் அலகுக்கு 2 டொலர் அளவுக்கு விழுந்து கிடந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 ஓகஸ்டில் 60 டொலரையும் தாண்டியது. மேலே சொன்ன 35,000 ஐ அந்த இரண்டு விலையாலும் பெருக்கிப் பாருங்கள்: ஒருநாள் செலவு 70,000 டொலர், இல்லாவிட்டால் 21 இலட்சம் டொலர். நீண்டகால ஒப்பந்தத்தில் விலை இப்படித் துள்ளாது, அதற்கு வேறு சூத்திரம் இருக்கிறது என்பார்கள். பாகிஸ்தானிடம் நீண்டகால ஒப்பந்தம் இருந்தது. விலை ஏறியதும் விற்பனையாளர்கள் ஒப்புக்கொண்ட கப்பல்களை அனுப்பாமல் விட்டார்கள். தண்டப்பணம் கட்டிவிட்டு ஐரோப்பாவுக்கு விற்பதில் இலாபம் கூட. 2022 ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் வாயுவுக்கு விலைமனு கோரியபோது விற்க ஒருவரும் முன்வரவில்லை. அதே மாதம் பங்களாதேஷ் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டுக்குப் போனது. இத்தனைக்கும் பங்களாதேஷுக்குச் சொந்தமாக எரிவாயு வயல்கள் இருக்கின்றன. முனையமும் குழாயும் ஒப்பந்தமும் எல்லாம் இருந்த நாடுகள் இவை. ஏழை நாடு எழுதும் ஒப்பந்தம் ஏழை நாட்டை மட்டும்தான் கட்டிப்போடும்.

நாங்கள் அதே வருசம் பட்டது ஞாபகம் இருக்கும்தானே? மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. மின்நிலையங்கள் இருந்தன, எரிக்க எண்ணெய் வாங்க டொலர் இல்லை. இறக்குமதி செய்யும் ஒரு எரிபொருளிலிருந்து இறக்குமதி செய்யும் இன்னொரு எரிபொருளுக்கு மாறுவதை 2022 ஐக் கடந்து வந்தவர்களிடம் வந்து அபிவிருத்தி என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

கடைசியில் நியூ ஃபோர்ட்ரஸ் உடன்படிக்கைப்படி ஒரு துளி வாயுவும் வந்து சேரவில்லை. நாடு வங்குரோத்தானது, அந்தக் கதை அப்படியே ஆறிப்போனது. நாங்கள் தப்பியது எங்கட புத்தியால் இல்லை. அதனால்தான் அது திரும்ப வரும் என்கிறோம். வந்துகொண்டும் இருக்கிறது: கொச்சி முனையத்திலிருந்து கொள்கலன்களில் எல்.என்.ஜி. கொண்டுவரும் யோசனை பேசப்படுகிறது. 2024 டிசெம்பரில் ஜனாதிபதி அநுர டில்லிக்குப் போனபோது வெளிவந்த கூட்டறிக்கையில் இலங்கைக்கு எல்.என்.ஜி. வழங்குவது ஒரு வரியாக இருக்கிறது. அன்றைக்கு நீதிமன்றத்தில் மனுப் போட்ட கட்சியின் ஆட்கள் இன்றைக்கு ஆட்சியில். அன்றைக்கு அவர்கள் கேட்ட அதே கேள்வியை இன்றைக்கு அவர்களிடம் கேட்க வேண்டும். பத்திரம் எங்கே?

இந்த இடத்தில் சம்பூரைப் பேசாமல் போக முடியாது. ஏனென்றால் கெரவலப்பிட்டியின் எரிவாயுக் கதை ஒரு காலத்தில் சம்பூரின் கதையாகவும் இருந்தது. 2006 இல் செல்லடியில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது. அந்த வருச முடிவிலேயே, சனம் முகாம்களில் இருக்கும்போதே, அங்கே 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபைக்கும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்துக்கும் இடையே புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதப்பட்டது. போருக்குப் பிறகும் காணி திரும்பவில்லை. ஒருபக்கம் மின்நிலையம், இன்னொருபக்கம் 818 ஏக்கரில் கைத்தொழில் வலயம். வலயம் 2015 இல் இரத்தானது. 2016 இல் சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று சட்டமா அதிபர் தரப்பு உயர் நீதிமன்றத்துக்குச் சொன்னது. பத்து வருசம். உடனே என்ன செய்தார்கள்? நிலக்கரிக்குப் பதில் எரிவாயு என்றார்கள். பிறகு அந்த எரிவாயு நிலையத்தையே கெரவலப்பிட்டிக்கு நகர்த்தி, 2017 இல் இந்தியாவோடு இன்னொரு புரிந்துணர்வு எழுதினார்கள். அதுவும் நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் சம்பூரில் சூரியசக்தித் திட்டத்துக்கு அடிக்கல், அதுவும் காணொளி வழியாக. நிலக்கரி, எரிவாயு, சூரியன் என்று எரிபொருள் இரண்டு தரம் மாறியது. முடிவெடுக்கும் விதம் ஒருதரமும் மாறவில்லை. இரண்டு தலைநகரங்கள் பேசும், சம்பூர் பேப்பரில் படிக்கும்.

சுன்னாகத்திலும் அப்படித்தான். அங்கே ஓடியது எரிவாயு இல்லை, எண்ணெய், ஆனால் "மின்சாரம் வேண்டுமா வேண்டாமா?" என்று சனத்தின் வாயை அடைத்த விதம் ஒன்றுதான். கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்து, 2015 இல் மின்நிலையம் நின்று, 2019 இல் உயர் நீதிமன்றம் கம்பனி இரண்டு கோடி ரூபா கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய எண்ணெய்க்கு இரண்டு கோடி.

சிலர் இதற்கெல்லாம் மருந்து மன்னாரில் இருக்கிறது என்பார்கள். எங்கட கடலில் எங்கட வாயு! 2011 இல் கெய்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையில் டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் வாயு கண்டது உண்மை. கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கும் கீழே கடல் தரை, அதற்கும் கீழே துளையிட வேண்டும். 2015 இல் கெய்ன் விட்டுவிட்டுப் போய்விட்டது. கொழும்பில் அமைச்சர்கள் மட்டும் மன்னாரில் இத்தனை நூறு பில்லியன் டொலர் இருக்கிறது, கடனெல்லாம் கட்டிவிடலாம் என்று அவ்வப்போது கனவு விற்பார்கள். மன்னார்ச் சனத்துக்கு இந்தக் கனவில் என்ன இடம்? தீவில் 30 காற்றாலைகள் வைத்தபோது தண்ணீர் தேங்குது, மீன்பாடு குறையுது என்று சொன்னதை எத்தனை பேர் காதில் வாங்கினார்கள்? அந்தச் சனத்தின் கடலுக்குள் இன்னொரு திட்டம் இறங்குவதற்கு முன்னால் அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். "எங்கட வாயு" என்று சொல்லும்போது அந்த "எங்கட"வுக்குள் பேசாலை மீனவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லுக்கு வருவோம். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். ஆகக் குறைவாகப் பாவிக்கும் வீடுதான் ஆகக் கூடுதலாக அடிபட்டது. மாதம் 30 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு, அதாவது இரண்டு பல்ப், ஒரு ரேடியோ, ஒரு போன் சார்ஜர் உள்ள வீட்டுக்கு, அலகு 2.50 ரூபாவிலிருந்து இரண்டு தாவலில் 30 ரூபாவுக்குப் போனது. நிலையான கட்டணம் 30 ரூபாவிலிருந்து 400. 2023 இல் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் கட்டணம் கட்டாததால் துண்டிக்கப்பட்டன என்று பாராளுமன்றக் குழுவின் முன் சொல்லப்பட்டது. பிறகு கட்டணம் குறைந்தது, திரும்ப ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்து கிடப்பது, தனியார் நிலையங்களோடு செய்துகொண்ட கொள்வனவு ஒப்பந்தங்கள். நிலையம் தயாராக நின்றாலே கட்ட வேண்டிய கட்டணம் ஒன்று, எரிபொருள் விலை எவ்வளவோ அதை அப்படியே பாவனையாளர் தலையில் இறக்கும் ஏற்பாடு இன்னொன்று. யுகதனவியின் ஒப்பந்தம் 2035 வரைக்கும் போகிறது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அப்போது பிள்ளை குட்டி இருக்கும்.

எரிவாயுவே வேண்டாம் என்று நாங்கள் கோசம் போடவில்லை. கட்டி முடித்த நிலையங்கள் இரண்டு நிற்கின்றன, அவற்றில் டீசலை எரிப்பதைவிட வாயுவை எரிப்பது நல்லதுதான். ஆனால் எவ்வளவு, எத்தனை வருசம், எந்த நிபந்தனை என்று தெரியாமல் ஒரு யூனிற்றும் வேண்டாம். குறைந்த அளவில், நிறுத்தக்கூடிய ஒப்பந்தமாக, பகிரங்க விலைமனுவில் வரட்டும். மூன்றாவது நிலையத்துக்குப் போகும் காசு பற்றரிக்கும், நீரை மேலே ஏற்றிச் சேமிக்கும் மின்நிலையத்துக்கும், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிக்கும் முதலில் போகட்டும்.

இதைக் கேட்க எங்களுக்கு இரண்டு வாசல் இருக்கின்றன, இரண்டையும் நாங்கள் பாவிப்பது குறைவு. ஒன்று, கட்டணம் திருத்தும் ஒவ்வொரு தரமும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சனத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். 2025 தொடக்கத்தில் மாகாணம் மாகாணமாக வந்து கேட்டார்கள். அந்தக் கூட்டங்களில் கதிரைகளை நிரப்ப எங்கட பல்கலைக்கழகங்களிலிருந்து இரண்டு பஸ் பிள்ளைகள் போதும். மற்றது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பம் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: சொபாதனவியின் மின்கொள்வனவு ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, அது டீசலில் ஓடிய ஒவ்வொரு மாதமும் ஒரு அலகுக்கு ஆன செலவு, எல்.என்.ஜி. வாங்குவது பற்றி இப்போது யாருடன் பேச்சு நடக்கிறது, அதில் எடுக்காத வாயுவுக்கும் காசு கட்டும் நிபந்தனை இருக்கிறதா, இருந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு. மின்சார சபைக்கு ஒரு பிரதி, எரிசக்தி அமைச்சுக்கு ஒரு பிரதி. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். இரகசியம் என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு முதலில் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு எழுதுங்கள்.